பவாய் ஏரியும் ஈரக் கைகளும்

சென்ற கோடை விடுமுறையில் குடும்பத்துடன் நெல்லைச் சீமையிலுள்ள எங்கள் ஊருக்குச் சென்றிருந்தோம். தாராவியிலேயே பிறந்து வளர்ந்த என் மகனுக்கு வயது 11. குளம், வாய்க்கால், வயல்வரப்பு என்பனவெல்லாம் அவனுக்குப் பாடப் புத்தகத்துச் சொற்களே. பேரனுக்குப் பொழுது போகட்டுமென்று என் தந்தையார் ஒரு மூங்கிற் கழியில் நைலான் நரம்பும் முள்ளும் தக்கையும் கட்டிக் கொடுத்தார். வைகாசி மாதத்து உச்சிவேளை. குளத்தில் நீர் வற்றி, நடுவே மட்டும் சிறிது கிடந்தது. ஒரு சாண் நீளமுள்ள கெண்டையொன்று அவன் தூண்டிலில் அகப்பட்டது.

அன்று அங்கே எழுந்த ஆரவாரத்தை என்னென்பேன்! மீனைக் கரைமேல் இழுத்துப் போட்டார்கள். சுடுமண்ணிலே அது துள்ளியது. கை வழுக்குகிறதென்று துண்டால் பற்றி முள்ளைப் பிடுங்கினார்கள். பிறகு கைபேசியில் படம் எடுக்கும் படலம். அண்ணன் மகன், தங்கை மகள், அடுத்த வீட்டுப் பையன் என ஒவ்வொருவராய் அதை ஏந்தி நின்றார்கள். கடைசியில் என் மகனுக்கு இரக்கம் பிறந்தது. “பாவம், விட்டுவிடலாம்” என்று சொல்லி, கரையில் நின்றபடியே அதைத் தண்ணீரில் எறிந்தான். பெரியவர்கள் அவன் நல்ல மனத்தை மெச்சினோம். மீன் இரண்டு முழம் நீந்தியது, பிறகு ஒருக்களித்தது, வெண்மையான வயிறு மேலே தெரிந்தது. வட்டமிட்டுக்கொண்டிருந்த பருந்து ஒன்று இறங்கி வந்து அதைக் கவ்விச் சென்றது.

அவன் அழவில்லை. ஆனால் மும்பைக்குத் திரும்பும் இரயில் வண்டியில், புனே நகரைத் தாண்டும் நேரத்தில், திடீரென்று கேட்டான்: “அப்பா, நான்தான் விட்டுவிட்டேனே, பிறகு ஏன் அது செத்தது?”

எனக்கு விடை தெரியவில்லை. அந்தக் கேள்வியே எங்களைப் பவாய் ஏரிக்கு அழைத்துச் சென்றது. அங்கே கண்டதையும் கேட்டதையும் நம் சங்கத்து அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதலானேன்.

மாட்டுங்காக் கடைத்தெருவில் காய்கறி வாங்கப் போகும்போது நான் வழக்கமாகச் சந்திக்கும் பெரியவர் ஒருவர் உண்டு. எங்கள் பக்கத்து ஊர்க்காரர். இரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றுச் செம்பூரில் வாழ்கிறார். நாங்கள் அவரை அண்ணாச்சி என்றே அழைப்போம். தூண்டிலில் அவருக்குப் பல்லாண்டுப் பழக்கம். பவாய்க் கரையிலுள்ள மகாராஷ்டிர மாநிலத் தூண்டிற்காரர் சங்கத்தில் அவர் ஓர் உறுப்பினர். மகனின் கேள்வியை அவரிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, “வாயால் சொன்னால் விளங்காது, தம்பி. பனி விழும் காலம் வரட்டும், பேராண்டியைக் கூட்டிக்கொண்டு வா” என்றார்.

மார்கழி மாதத்து ஞாயிறன்று விடியுமுன்னே சயான் நிலையத்தில் மின்வண்டி ஏறினோம். அண்ணாச்சி குர்லாவில் எங்களுடன் சேர்ந்துகொண்டார். காஞ்சூர்மார்க்கில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் சிறிது தூரம் சென்றால் பவாய். ஒரு புறம் 1958 இல் தோன்றிய இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் மரங்கள் அடர்ந்த வளாகம். மறு புறம் வானளாவிய மாடி வீடுகள். இரண்டுக்கும் நடுவே பனித்திரை போர்த்த ஏரி. நீர்க்காகங்கள் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தன. இது மும்பைதானா என்று ஐயுறும்படி இருந்தது அந்தக் காட்சி.

இந்த ஏரி இயற்கையாய் அமைந்ததன்று. நகரின் குடிநீர்ப் பஞ்சம் தீர்க்க 1891 இல் அணை கட்டித் தேக்கியது. இதற்கு வடக்கே 1860 இல் கட்டி முடித்த விகார் ஏரி இருக்கிறது. விகார் இன்றும் குடிநீர் தருகிறது. பவாய் நீரோ நெடுநாளைக்கு முன்பே குடிக்கத் தகாததாகிவிட்டது. சுற்றிலும் வீடுகள் பெருகக் கழிவுநீர் வந்து கலந்தது; ஆகாயத்தாமரை படர்ந்தது. ஆயினும் இதில் இன்னும் உயிர் இருக்கிறது. ரோகு, கட்லா, மிர்கால் முதலிய கெண்டை இனங்கள் வாழ்கின்றன. நம் ஊர்ச் சந்தைகளில் ஜிலேபி என்று விற்கும் ஆப்பிரிக்க மீனும் புகுந்திருக்கிறது. முதலைகளும் உண்டு. ஆகவே தண்ணீர் விளிம்பில் சிறுவர்கள் காலை நனைத்து விளையாடுவது இங்கே கூடாது. அண்ணாச்சி எங்களை அழைத்துச் சென்றது நீருக்கு மேலே உயர்த்திக் கட்டிய ஒரு சிறு மேடைக்கு.

பையைத் திறந்தார். முதலில் அவர் வெளியே எடுத்தது தூண்டிலன்று, ஒரு குறடு. தூண்டில் முள்ளின் கூர்முனைக்குச் சற்றுக் கீழே, பின்னோக்கியபடி ஒரு சிறு நாக்கு இருக்குமல்லவா? உள்ளே போன முள் வெளியே வராதபடி தடுப்பது அதுதான். அந்த நாக்கைக் குறட்டால் நசுக்கித் தட்டையாக்கினார்.

“தாத்தா, அப்படிச் செய்தால் மீன் தப்பித்துவிடாதா?” என்றான் மகன்.

“சில தப்பிக்கும். நரம்பைத் தளரவிடாமல் பிடித்தால் பெரும்பாலும் தப்பாது. விடப்போகிற மீனுக்கு இந்த நாக்கு எதற்கு? இது சதையைக் கிழிக்கும். கழற்றும்போது நேரம் போகும். தூண்டிலைத் தண்ணீரில் போடுமுன்னே மீனின் உயிரில் பாதியை நாம் தீர்மானித்துவிடுகிறோம், பேராண்டி.”

அடுத்து ஒரு கைப்பிடி வலையைக் காட்டினார். முடிச்சுகள் உள்ள பழைய நூல்வலையன்று. முடிச்சில்லாத, ரப்பர் பூசிய வலை. முடிச்சு வலை செதிலைப் பெயர்க்கும், துடுப்பைக் கிழிக்கும் என்றார். நரம்பும் போதிய கனமுடையதாய் இருந்தது. மெல்லிய நரம்பு கட்டினால் அறுந்துவிடுமோ என்று அஞ்சி மீனை நெடுநேரம் அலைக்கழிக்க நேரும். வேட்டைப் பெருமை பேசுவோர் அதைத் திறமை என்பார்கள். மீனுக்கு அது வதை.

ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஒன்றும் நிகழவில்லை. மகன் பொறுமையிழந்து, கொண்டுவந்த இட்லிகளில் பாதியைத் தீர்த்துவிட்டான். வெயில் ஏறத் தொடங்கிய வேளையில் தக்கை அமிழ்ந்தது. அண்ணாச்சி எழுந்து நிதானமாக, ஆனால் வீண்நேரம் போக்காமல் இழுத்தார். சில நிமிடங்களில் இரண்டு கிலோ மதிக்கத்தக்க ரோகு ஒன்று மேடையருகே வந்தது. செம்பு நிறச் செதில்கள் வெயிலில் மின்னின. அவர் வலையை நீருக்குள் தாழ்த்தி அதனுள்ளே மீனை வரச் செய்தார். வலையை மேலே தூக்கவில்லை. மேடையின் தாழ்ந்த படியில் குந்தி, மீனை வலைக்குள்ளே, நீருக்குள்ளே நிறுத்தி வைத்தார்.

“கையை நனைத்துக்கொள்” என்றார் மகனிடம். வாளியில் எடுத்து வைத்திருந்த ஏரி நீரில் அவன் இரு கைகளையும் முழங்கைவரை நனைத்தான்.

“ஏன் தெரியுமா? மீனைத் தொட்டால் வழவழவென்று இருக்கிறதே, அது அழுக்கன்று, அதன் கவசம். நோய்க்கிருமியும் பூஞ்சையும் உடம்பில் புகாமல் அந்த வழவழப்புத்தான் காக்கிறது. உலர்ந்த கையோ துண்டோ பட்டால் அது வழித்துக்கொண்டு வந்துவிடும். அன்றைக்கு மீன் நீந்திப் போகும். நாலு நாளில் புண் வைத்துச் சாகும். நாம் பார்க்கமாட்டோம், பிழைத்துவிட்டதென்று நினைத்துக்கொள்வோம்.”

மகன் என்னை ஒரு முறை பார்த்தான். எங்கள் இருவர் நினைவிலும் அந்தத் துண்டு வந்து போயிற்று.

முள் மேலுதட்டில் மாட்டியிருந்தது. அண்ணாச்சி நீண்ட மூக்குள்ள குறட்டை எடுத்து, முள் புகுந்த வழியே பின்னோக்கித் திருப்பினார். நாக்கில்லாத முள்ளாதலால் நொடியில் கழன்றது. முள்ளை மீன் ஆழமாக விழுங்கியிருந்தால் என்ன செய்வதென்று கேட்டேன். “தோண்டக்கூடாது. நரம்பை வாயருகே நறுக்கி விட்டுவிட வேண்டும். தொண்டையைக் குடைந்து முள்ளை எடுப்பவன் முள்ளைக் காப்பாற்றுகிறான், மீனைக் கொல்லுகிறான்” என்றார். நரம்பை நறுக்கி விட்ட மீன்கள் பிழைப்பதற்கே வாய்ப்பு மிகுதி என்று ஆராய்ச்சிகளும் கூறுகின்றன.

பிறகு பிடிக்கும் முறையைக் காட்டினார். ஒரு கை வாலின் அடியில், உடல் ஒடுங்குமிடத்தில். மற்றொரு கை முன்துடுப்புகளுக்குப் பின்னே வயிற்றின் கீழ். இறுக்கக்கூடாது, ஏந்த வேண்டும். தண்ணீரிலேயே வாழும் உடம்புக்குத் தன் கனத்தைத் தாங்கிப் பழக்கமில்லை. வாயைப் பற்றிச் செங்குத்தாகத் தூக்கினால் தாடையும் முதுகெலும்பும் உள்ளுறுப்புகளும் வருந்தும். செவுளுக்குள் விரல் விடுவது எல்லாவற்றினும் கொடிது. அது நம் நுரையீரலுக்குள் கையை விடுவதற்கு ஒப்பாகும்.

மகன் ஈரக் கைகளால் அந்த ரோகுவை நீருக்குள் ஏந்தினான். படம் எடுக்க வேண்டுமா என்றேன். அண்ணாச்சி சிரித்தார். “எடுக்கலாம், ஒரு கட்டுப்பாடு உண்டு. நீ மீனை வெளியே தூக்கும்போது உன் மூச்சையும் அடக்கிக்கொள். உனக்கு மூச்சு முட்டுமுன்னே அது தண்ணீருக்குள் இருக்க வேண்டும்.” மகன் மூச்சை அடக்கி மீனை ஒரு சாண் உயரம் தூக்கினான். நான் பொத்தானை அழுத்தி முடிப்பதற்குள் திரும்ப இறக்கிவிட்டான். அந்தப் படத்தில் மீனின் வால் மட்டுமே சரியாக விழுந்திருக்கிறது, அதனால் குறையொன்றுமில்லை.

அவன் கையை உடனே எடுக்க அண்ணாச்சி விடவில்லை. “எறியாதே. நிமிர்ந்தபடியே பிடித்துக்கொண்டிரு. ஓடும் ஆறாக இருந்தால் தலையை நீரோட்டத்தை எதிர்த்து வைக்க வேண்டும். இது ஏரி, சும்மா தாங்கினாற் போதும். முன்னும் பின்னும் ஆட்டாதே. தனக்குப் போகத் தெம்பு வந்ததும் அதுவே உன்னிடம் சொல்லும்.” அரை நிமிடம் கழிந்திருக்கும். வால் ஒரு முறை அசைந்தது. இரண்டாம் முறை வலிமையாக அடித்தது. கைகளினின்றும் நழுவி இருண்ட நீருக்குள் மறைந்தது. மகன் நெடுநேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வெண்வயிறு ஏதும் மேலே வரவில்லை.

அதன் பின்னரே, எங்கள் ஊர்க் குளத்து மீன் இறந்த காரணத்தை அண்ணாச்சி விளக்கினார். மீனின் செவுளில் மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காய் உள்ளன. நீரில் அவை விரிந்து நின்று, நீரில் கரைந்துள்ள உயிர்வளியை உறிஞ்சுகின்றன. காற்றில் எடுத்தால் நனைந்த புத்தகத்தின் தாள்களைப் போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, மூச்சு நின்றுவிடுகிறது. அதுவும் எந்த வேளையில்? தூண்டிலோடு போராடிக் களைத்த வேளையில். ஓடும் வண்டியைப் பிடிப்பதற்காகத் தாதர் நிலையப் பாலத்தை ஓடிக் கடந்தவரின் வாயையும் மூக்கையும் பொத்தினால் எப்படியிருக்கும்? அத்தகைய நிலை அது.

இதனைக் கனடா நாட்டு அறிஞர் இருவர் 1992 இல் ஓர் ஆராய்ச்சியால் காட்டினர். வானவில் திரௌத்து என்னும் மீன்களைத் தொட்டியில் விரட்டிக் களைக்கச் செய்தனர். களைத்ததும் நீரிலேயே விட்டவற்றுள் 12 மணி நேரத்தில் 100க்கு 12 இறந்தன. களைத்தபின் 30 நொடி காற்றில் வைத்தவற்றுள் 38 இறந்தன. 60 நொடி வைத்தவற்றுள் இறந்தவை 72. களைக்கவும் செய்யாமல் வெளியே எடுக்கவும் செய்யாதவற்றுள் ஒன்றும் இறக்கவில்லை. இக்கணக்கு ஆய்வுச்சாலைத் தொட்டியில், குளிர்நீர் மீனைக் கொண்டு கண்டது. நம் நாட்டுக் கெண்டைகள் அதனினும் கடினமானவை. ஆதலால் இதே எண்கள் அவற்றுக்குப் பொருந்தா. ஆனால் 30 நொடிக்கும் 60 நொடிக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை நாம் மறக்கலாகாது. எங்கள் ஊர்க் குளக்கரையில் அந்தக் கெண்டை காற்றில் கழித்தது ஒரு நிமிடமா? படம் எடுத்த பிள்ளைகளை எண்ணிப் பார்த்தால் ஐந்து நிமிடத்திற்குக் குறையாது.

வெப்பமும் ஒரு காரணம். நீர் சூடாக ஆக, அதில் கரைந்து நிற்கும் உயிர்வளி குறைகிறது. 20 பாகை வெப்பமுள்ள நன்னீர் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 9 மில்லிகிராம் உயிர்வளி தங்கும். 30 பாகையில் அது 7.5 அளவுக்குக் குறைந்துவிடும். வைகாசி உச்சிவேளையில், வற்றிய குளத்தில், மீன் முன்பே மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தது. அதன்மேல்தான் எங்கள் விளையாட்டும் சேர்ந்தது. “விட எண்ணிப் பிடிப்பவன் காலையில் பிடிக்க வேண்டும், கோடை உச்சியில் தூண்டிலைத் தொடவே கூடாது” என்றார் அண்ணாச்சி. அவர் ஏன் எங்களைப் பனிக்காலம் வரை காத்திருக்கச் சொன்னாரென்பது அப்போதுதான் விளங்கியது.

மீனைக் காப்பது போலவே நம்மையும் காத்துக்கொள்ள வேண்டுமல்லவா? கெளுத்தி, தேளி முதலிய மீன்களின் துடுப்பு முள் குத்தினால் கடுக்கும். தேளியின் முள்ளில் நஞ்சும் உண்டு. அவற்றைக் கையால் பற்றாமல், நீரில் வைத்தே குறட்டால் முள்ளைக் கழற்றிவிடுவது நன்று. கையில் வெட்டுக்காயம் இருப்பவர் நகர ஏரி நீரைத் தொடலாகாது. திரும்புமுன் எல்லோரும் சோப்பிட்டுக் கை கழுவினோம். அறுந்த நரம்புத் துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டோம். அவற்றில் கால் சிக்கிப் பறவைகள் மாண்டுபோவதுண்டு.

இவ்வளவு பாடுபட்டு விடுவதற்குப் பதிலாகப் பிடிக்காமலே இருந்துவிட்டால் என்ன என்று அன்பர்கள் கேட்கலாம். நானும் அண்ணாச்சியிடம் அதையே கேட்டேன். திரௌத்து மீனின் தலையில் வலியை உணர்த்தும் நரம்புமுனைகள் இருப்பதைப் பிரிட்டனில் 2003 இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. செருமனியில், தக்க காரணமின்றி முதுகெலும்புள்ள உயிருக்கு வலி தருவது குற்றம்; ஆதலின் உண்ணும் நோக்கமின்றி விடுவதற்கென்றே தூண்டில் போடுவதை அங்கே ஏற்பதில்லை. சுவிட்சர்லாந்தும் 2009 முதல் அதனைத் தடுத்துள்ளது. அண்ணாச்சி இவற்றை மறுக்கவில்லை. “உண்ணப் பிடிக்கிறாயா, உடனே கொன்றுவிடு; துடிக்க விடாதே. விடப் பிடிக்கிறாயா, பிழைக்கும்படி விடு. இரண்டும் இல்லாமல் வேடிக்கைக்காக வைத்துக்கொண்டிருப்பதுதான் பாவம். பிடிக்கவே வேண்டாமென்று சொல்பவரிடம் எனக்கு வழக்கில்லை” என்றார். சிருங்கேரித் துங்கை ஆற்றுப் படித்துறையில் மீன்களுக்குப் பொரி போட்டு மகிழும் அன்பர்கள் நம்மிடையே பலர். அங்கே யாரும் தூண்டில் போடுவதில்லை. அதுவும் ஒரு நல்வழியே.

ஆயினும் விடுவோரால் ஒரு பெரும் பயனும் விளைந்ததுண்டு. நம் காவிரியில் மஹ்சீர் என்னும் பெருங்கெண்டை இனம் ஒன்று வாழ்கிறது. முதுகு கூன்போல உயர்ந்திருக்கும். 1946 இல் மைசூர்ச் சீமையில் கபினி ஆற்றில் வான் இங்கன் என்பார் பிடித்த மீன் 120 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 54 கிலோ எடை இருந்தது. பிற்காலத்தில் காவிரிக் கரையில் கலிபோர் முதலிய இடங்களில் முகாம்கள் அமைந்தன. அங்கே தூண்டில் போட்டவர்கள், பிடித்த மீனை அளந்து, இனத்தைக் குறித்துக்கொண்டு, திரும்ப ஆற்றில் விட்டார்கள். 1998 முதல் 2012 வரை எழுதிய அந்தக் கணக்கேடுகளை அறிஞர்கள் ஆராய்ந்து 2015 இல் முடிவை வெளியிட்டனர். மஹ்சீர் பெருகியிருந்தது, ஆனால் பெருகியது வேறோர் இனம். காவிரிக்கே உரிய கூன்முதுகு மஹ்சீர் மறைந்துகொண்டிருந்தது.

அந்த வேற்றினம் எங்கிருந்து வந்ததென்று கேட்டால் நாம் வியப்போம். நம் மும்பையிலிருந்து புனே செல்லும் வழியிலுள்ள லோனாவ்லாவில், டாட்டா மின்சார நிறுவனத்தார் வளர்ப்புப் பண்ணை அமைத்து நீலத்துடுப்பு மஹ்சீரைப் பெருக்கினர். அழியும் மீனைக் காக்கும் நற்பணி அது. அந்த இனம் காவிரியிலும் விடப்பட்டது. கூன்முதுகு இனம் குன்றியதற்கு அதனையும் ஒரு காரணமாக ஆராய்ச்சியாளர்கள் கருதுகின்றனர். 2018 இல் கூன்முதுகு மஹ்சீர், அழிவின் விளிம்பில் நிற்கும் உயிர்களின் பட்டியலில் சேர்ந்தது. எந்த மீனை, எந்த நீரில், எப்படி விடுகிறோம் என்று அறியாமல் செய்யும் நன்மை தீங்காகவும் முடியும். வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்த அயல்நாட்டு மீனை, இரக்கப்பட்டு ஏரியிலோ கோயிற் குளத்திலோ விடும் குடும்பத்தினர் இதனைச் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

கடலிலும் இந்த அறம் இப்போது பேசப்படுகிறது. வலையில் தற்செயலாய்ச் சிக்கும் கடலாமை, திமிங்கலச் சுறா போன்ற பாதுகாக்கப்பட்ட உயிர்களை, வலையை அறுத்தேனும் உயிரோடு விடும் மீனவருக்கு, வலைச் சேதத்திற்காக 25,000 ரூபாய் வரை ஈடு தரும் திட்டத்தை மகாராஷ்டிர அரசு 2018 இல் கொண்டுவந்தது. தூண்டிற்காரருக்கு மீன் பொழுதுபோக்கு. மீனவருக்கு வலையே வாழ்வு. அந்த வலையை ஓர் உயிருக்காக அறுப்பவரின் கை பெரிய கை.

மாலையில் சயானில் இறங்கித் தாராவிக்குள் நடந்தோம். வழியில் மகன், “பவாய்த் தண்ணீர் எங்கே போகிறது?” என்று கேட்டான். மழைக்காலத்தில் விகாரும் பவாயும் நிரம்பி வழிந்தால், அந்த நீர் மித்தி ஆறாகிக் குர்லா வழியே வந்து, நம் தாராவியின் ஓரமாகச் சென்று, மாகிம் கழிமுகத்தில் கடலிற் சேர்கிறது. மித்தி என்றால் இனியது என்பது பொருள். 2005 ஜூலை 26 ஆம் நாள் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி அந்த ஆறு பெருகி வந்ததை இங்குள்ள மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். நம்மவர் நெல்லையிலிருந்து வந்து தோல் பதனிட்டுக் குடியேறும் முன்பே தாராவி ஒரு கோலிவாடா. கோலி மீனவரின் ஊர். இந்தக் கழிமுகத்தில் மீன் பிடித்து வாழ்ந்தவர்கள் அவர்கள். நீர் கெட்டதும் அந்தப் பிழைப்புப் போயிற்று. ஈரக் கையால் ஒரு மீனை விட்டால் மட்டும் போதாது. அது மூச்சுவிட நீரும் வேண்டும். மேலே ஏரியில் விட்ட மீனுக்கும் கீழே குப்பை போடும் நமக்கும் ஒரே நீர்தான் உறவு.

வீட்டுக்கு வந்ததும் மகன் தன் தாத்தாவுக்குக் கடிதம் எழுதினான். தாயின் உதவியோடு தமிழிலேயே எழுதினான். அதில் இருந்தது இவ்வளவுதான்: “தாத்தா, அந்த மீன் ஏன் செத்தது என்று தெரிந்துகொண்டேன். அடுத்த முறை வரும்போது குளத்தில் நிறையத் தண்ணீர் இருந்தால் மட்டும், விடியற்காலையில் போவோம். முள்ளின் நாக்கை நசுக்கி வையுங்கள். துண்டு வேண்டாம். ஒரு வாளி போதும்.”

பத்து நாளில் என் தந்தையாரிடமிருந்து தொலைபேசி வந்தது. நலம் விசாரித்த பிறகு, தயங்கித் தயங்கிச் சொன்னார்: “அறுபது வருஷமாகத் தூண்டில் போடுகிறேன். கையை நனைக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையடா.”